கவிழ்ந்த கப்பலும் கவிழ்க்கக் கூடாத மீனும்

வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹாங்காங்கின் அபர்டீன் துறையில் நின்று கான்டனீஸ், அதாவது தென்சீனச் சாப்பாடு போட்ட ஜம்போ என்ற மிதக்கும் கடலுணவகத்தைப் பற்றிப் போன இதழில் பத்து வரி எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும்.

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு ஹாங்காங் போகிறோம். டூர் ஏஜென்ட் தந்த பட்டியலில் "மிதக்கும் அரண்மனையில் கான்டனீஸ் இரவு விருந்து" என்று இருக்கிறது. இது நீங்கள் எழுதிய ஜம்போ தானே? (மதுரை)

ஜம்போவாக இருக்க வழியில்லை, அது கடலோடு போய்விட்டது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாக மூடினார்கள், மறுபடி திறக்கவே இல்லை. 2022 ஜூன் 14 அன்று இழுவைப் படகுகள் கட்டி அபர்டீனிலிருந்து வெளியே இழுத்துப்போனார்கள், அடுத்த சில நாட்களில் தென்சீனக் கடலில், பாராசெல் தீவுகளுக்குப் பக்கத்தில் கவிழ்ந்துவிட்டது. ஆகவே உங்கள் ஏஜென்ட் பழைய பட்டியலை அப்படியே ஜெராக்ஸ் எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் விக்டோரியா துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுகிற விருந்துப் படகைத்தான் அரண்மனை என்கிறார். அந்தப் படகுகளில் போடுவது பெரும்பாலும் பஃபே. விளக்கு வெளிச்சத்தில் ஊரைப் பார்க்க நல்ல ஏற்பாடு, ஆனால் தொட்டியில் நீந்தும் மீனைக் காட்டி ஆவியில் வேகவைத்துத் தருகிற சாப்பாடு வேறு, தட்டில் ஆறிக் கிடக்கும் இறால் வேறு. படகின் பெயர் என்ன, எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது, சாப்பாடு என்ன என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

கேள்வி: கப்பல் என்கிறீர்கள், இழுத்துப்போனார்கள் என்றும் சொல்கிறீர்கள். இன்ஜின் கிடையாதா? ஐம்பது வருஷம் நின்றது எப்படித் திடீரென்று கவிழும்? (தூத்துக்குடி)

துறைமுக ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். இன்ஜின் கிடையாது. பெயருக்குத்தான் கப்பல், உண்மையில் அது அரண்மனை வேஷம் போட்ட தட்டையான மிதவை. நீளம் 76 மீட்டர், ஒரே நேரத்தில் 2,300 பேர் வரை உட்கார்ந்து சாப்பிடலாம். மேலே அடுக்கடுக்காக வளைந்த கூரை, டிராகன் தூண், ராத்திரியானால் ஆயிரக்கணக்கில் விளக்கு. சமையலறை அதற்குள் இல்லை, பின்பக்கம் ஒட்டி நின்ற தனி மிதவையில் இருந்தது. அந்தச் சமையலறை மிதவைதான் 2022 மே மாதக் கடைசியில் தண்ணீர் ஏறிச் சாய்ந்து முதலில் செய்தியானது. இரண்டு வாரம் கழித்து பெரிய மிதவையை இழுத்துப்போனார்கள்.

புயலடித்தால் மீன்பிடிப் படகுகள் வந்து ஒதுங்குகிற, அலை அதிகம் ஏறாத துறைக்குள் நிற்பதற்காகக் கட்டியது அது. உயரமான கட்டடம், கீழே தட்டையான அடி. அதைத் திறந்த கடலில் நாள்கணக்கில் இழுத்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்த் தோணிக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். கிளம்பும் முன் கடல்சார் பொறியாளர்களை வைத்துப் பரிசோதித்தோம், தடுப்புகள் அடைத்தோம் என்று நிறுவனம் சொன்னது. ஜூன் 18 அன்று கடல் மோசமாகி, தண்ணீர் உள்ளே ஏறி, மறுநாள் கவிழ்ந்தது. அந்த இடத்தில் ஆழம் 1,000 மீட்டருக்கு மேல், மீட்பது மிகக் கடினம் என்றும் சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. கம்போடியாவுக்குக் கொண்டுபோகிற வழி அது என்பது பிற்பாடு தெரியவந்தது.

ஏன் கொண்டுபோனார்கள் என்றால் கணக்குதான். 2013-லிருந்து நஷ்டம் மட்டும் 10 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல். பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்புச் செலவு, ஆய்வு, உரிமம். பக்கத்திலிருக்கும் ஓஷன் பார்க் பொழுதுபோக்குப் பூங்காவுக்கே கொடுத்துவிடலாம் என்று 2020-இல் அரசே அறிவித்தது, நடத்த ஆள் கிடைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களிடம் சும்மாவே தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தும் யாரும் கைநீட்டவில்லையாம். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

கேள்வி: ராணி எலிசபெத் முதல் டாம் க்ரூஸ் வரை சாப்பிட்ட இடம் என்று படித்தேன். உண்மையைச் சொல்லுங்கள், சாப்பாடு அவ்வளவு பிரமாதமா? (சென்னை, நங்கநல்லூர்)

ராணி வந்தார், நடிகர்கள் வந்தார்கள், மொத்தமாக 3 கோடிப் பேர் வந்தார்கள் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. அத்தனை பேரும் மீனுக்காகவா வந்தார்கள்? கரையிலிருந்து ஓர் இலவசப் படகில் ஏறி, இருட்டுத் தண்ணீரில் சில நிமிடம் ஆடி, எதிரே சிவப்பும் பொன்னுமாக விளக்கு எரிகிற அரண்மனை நெருங்கி வருவதைப் பார்ப்பதற்கு வந்தார்கள். உள்ளே டிராகன் சிம்மாசனம் இருந்தது, சக்கரவர்த்தி அங்கி மாட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்து போட்டோ எடுக்கலாம். உள்ளூர்க்காரர்களில் பலர் கல்யாண விருந்துக்குப் போனார்கள், வெளியூர் விருந்தாளி வந்தால் கூட்டிப்போனார்கள். நல்ல மீன் சாப்பிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை நினைத்தவர்கள் வேறு இடங்களுக்குத்தான் படகேறினார்கள். என் அபிப்பிராயம் இது: அங்கே விற்றது அந்தக் காட்சி. அதில் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் காட்சி கவிழ்ந்ததும் கான்டனீஸ் கடலுணவே போய்விட்ட மாதிரி இரங்கல் எழுதினார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சாப்பாடு அப்போதும் கரையில்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

கேள்வி: தண்ணீர் மேல் உணவகம் நடத்தும் யோசனை அவர்களுக்கு எப்படி வந்தது? சுற்றுலாவுக்காகவா? (நாகப்பட்டினம்)

சுற்றுலா கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது. அபர்டீன் துறையில் தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே பிறந்து, படகிலேயே குடும்பம் நடத்திய மீனவச் சமூகம் இருந்தது. கரைக்காரர்கள் அவர்களை 'தாங்கா' என்று மட்டம் தட்டிக் கூப்பிடுவார்கள், அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடிக்காது. வீடே படகு என்றால் கல்யாணத்தை எங்கே வைப்பது? அதற்கென்றே அலங்கரித்த பெரிய விருந்துப் படகுகள் இருந்தன, பாட்டும் சாப்பாடும் அதில்தான். அந்த வழியில் வந்தவைதான் மிதக்கும் கடலுணவகங்கள். தாய் பாக் என்பது 1950-களின் தொடக்கத்திலிருந்து ஓடியது. சீ பேலஸ் என்று இன்னொன்று, அது பிற்பாடு மணிலாவுக்குப் போய் அங்கே சில காலம் உணவகமாக நின்றது.

ஜம்போ இவற்றுக்கெல்லாம் பெரியண்ணனாகக் கட்டப்பட்டது. அதன் ஆரம்பமே துக்கம். 1971 அக்டோபர் 30 அன்று, திறப்பு விழாவுக்கு முன்பே, தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள். மக்காவ் சூதாட்ட விடுதிகளின் அதிபர் ஸ்டான்லி ஹோ அதை எடுத்து, 3 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் செலவழித்துப் புதிதாகக் கட்டி, 1976-இல் திறந்தார். பளபளப்பு போட்டோக்களில் இந்த 34 பேரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அரண்மனை வேஷம் போடாத, நிஜமாகவே மிதந்த சாப்பாடு. சம்பான் என்கிற சின்னப் படகில் அடுப்பை வைத்துக்கொண்டு, படகு படகாகப் போய் மீன் உருண்டையும் அரிசி நூடுல்ஸும் சுடச்சுட ஊற்றிக் கொடுப்பார்கள். ஊரின் வடகரையில், காஸ்வே பே புயல் ஒதுங்குதுறையில் ராத்திரி நேரத்துச் சாப்பாட்டுப் படகுகள் தனிப் புகழ் பெற்றவை. அங்கே பிறந்ததுதான் இன்று ஹாங்காங் முழுக்கக் கிடைக்கும் 'ஒதுங்குதுறை நண்டு': நண்டை உடைத்துப் பொரித்து, அதன் மேல் பொன்னிறமாக வறுத்த பூண்டை மலைபோலக் கொட்டி, காய்ந்த மிளகாய், புளிக்கவைத்த கறுப்பு சோயா பயறு எல்லாம் சேர்த்துப் புரட்டியது. நண்டைத் தின்று முடித்த பிறகும் அந்தப் பூண்டுத் தூளைச் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிடலாம். நம் நாக்குக்கு உடனே பிடிபடுகிற கான்டனீஸ் பண்டம் இது ஒன்றுதான் என்பேன். படகுகள் போய்விட்டன, நண்டு கரையேறிவிட்டது.

கேள்வி: சரி, கப்பல் இல்லை. தண்ணீரைப் பார்த்தபடி மீன் சாப்பிட இப்போது எங்கே போவது? (கோயம்புத்தூர்)

முதல் யோசனை லாம்மா தீவின் சோக் குவூ வான். சென்ட்ரல் படகுத்துறையிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், அபர்டீனிலிருந்தும் சின்னப் படகு உண்டு. வரிசையாகக் கடலுணவகங்கள், பல தளங்கள் தூண்கள் மேல் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, எதிரே வளைகுடாவில் மீன் வளர்க்கும் மிதவைகள். கார் கிடையாது, சத்தம் கிடையாது. அதுதான் என் ஓட்டு.

இரண்டாவது, கவுலூன் கரையின் லேய் யூ முன். இங்கே முறையே வேறு: சந்துக்குள் வரிசையாக மீன்தொட்டிக் கடைகள், அங்கே உயிரோடு வாங்கி, பக்கத்து உணவகத்தில் கொடுத்து, எப்படிச் சமைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். மீனுக்கு ஒரு பில், சமையல் கூலிக்கு ஒரு பில். சாய் குங்கிலும் இப்படித்தான், அங்கே படகிலிருந்தே மீன் விற்பவர்களைக் கரையில் நின்று குனிந்து பேரம் பேசலாம்.

அபர்டீனை அப்படியே விட்டுவிட வேண்டாம். 2016 டிசம்பரில் மெட்ரோவின் தெற்குத் தீவு வழித்தடம் வந்த பிறகு போவது சுலபம். சாயங்காலம் கரை நடைபாதையில் நின்றால் சம்பான் ஓட்டும் பாட்டிமார்கள் அவர்களாகவே வந்து கூப்பிடுவார்கள். அரை மணி சுற்று, ஒரு பக்கம் மீன்பிடிப் படகுகளில் துணி காய்கிறது, மறுபக்கம் கோடீஸ்வரர்களின் உல்லாசப் படகுகள். பேரம் பேசிவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: என் மைத்துனர் ஒரு கடலுணவகத்தில் நாலு பேருக்கு வந்த பில்லைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். ஏமாற்றுவார்களா? (சேலம்)

ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் பாதிக்கு மேல் நம் ஆட்கள் கேட்காமல் தலையாட்டுவதால் வருவது. மெனுவில் மீனுக்கு நேரே விலை இருக்காது, 'அன்றைய விலை' என்று போட்டிருக்கும். அந்த விலை கிலோவுக்கு அல்ல, கேட்டிக்கு. ஒரு கேட்டி சுமார் 605 கிராம். விலை உயர்ந்த சிப்பி, இறால் வகைகளுக்குச் சில இடங்களில் டேல் கணக்கில் எழுதியிருப்பார்கள். 16 டேல் சேர்ந்தது ஒரு கேட்டி, ஆக ஒரு டேல் 38 கிராம்கூட இல்லை. பலகையில் விலை சின்னதாகத் தெரிகிறதே என்று அரைக் கிலோ சொன்னால் பதின்மூன்று மடங்கு வரும். உங்கள் மைத்துனர் மாட்டியது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மீனைக் காட்டுங்கள், கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள், பையிலோ கூடையிலோ இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், பிறகு கால்குலேட்டரை அவர்கள் கையில் கொடுத்து மொத்தம் எவ்வளவு என்று அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மொழியே தேவையில்லை. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அங்கே பாட்டிமார்கள் இதைவிடக் கறாராகக் கேட்பார்கள். ரெண்டு பேருக்கு ஒரு கேட்டி மீன் தாராளம், மூன்று கேட்டி மீனைத் தூக்கிக் காட்டி ஆசை காட்டினால் கையால் சின்னது என்று காட்டுங்கள். பத்து சதவீதம் சேவைக் கட்டணம் பில்லில் தனியாக ஏறும், அது எல்லோருக்கும் பொது.

கேள்வி: மசாலா இல்லாமல், புளி இல்லாமல், வெறும் ஆவியில் வேகவைத்த மீன் என்கிறீர்கள். நாற்றம் அடிக்காதா? நாங்கள் மீனோடு பிறந்தவர்கள், எங்களுக்கே நினைத்தால் குமட்டுகிறது. (ராமேஸ்வரம்)

கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள், நியாயமான கோபம். ஆனால் ஒன்று யோசியுங்கள். மீன் நாற்றம் என்பது செத்து நேரமான மீனின் நாற்றம். கான்டனீஸ்காரர்கள் மீனை உயிரோடு தொட்டியில் வைத்திருப்பதே அந்த நேரத்தைத் துடைத்தெறியத்தான். மேஜையருகே கொண்டுவந்து துள்ளுகிற மீனைக் காட்டுவார்கள். நீங்கள் தலையாட்டியதும் உள்ளே போகும், கால் மணி, இருபது நிமிடத்தில் தட்டில் வரும். நடுவில் குளிர்சாதனப் பெட்டி இல்லை, ஐஸ் இல்லை, மறைப்பதற்கு எதுவும் இல்லாததால் மசாலாவும் இல்லை.

தட்டு வந்ததும் சாப்பிட அவசரப்படாமல் பாருங்கள். கண் வெள்ளை வெளேரென்று வெளியே துருத்தியிருக்க வேண்டும். துடுப்புகள் விறைத்து விரிந்திருக்க வேண்டும், முதுகுப் பக்கம் தோல் லேசாக வெடித்திருக்கலாம். இவை உயிரோடு இருந்த மீனின் அடையாளங்கள், காட்டிய மீனை உள்ளே மாற்றிவிட்டார்களா என்று கண்டுபிடிக்கவும் இதுதான் வழி. மேலே நூல் மாதிரி நறுக்கிய வெங்காயத்தாளும் இஞ்சியும், அதன் மேல் புகைய புகையக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றியிருப்பார்கள், மேஜைக்கு வரும்போதும் லேசாகச் சடசடக்கும். அடியில் சர்க்கரை ஒரு சிட்டிகை சேர்த்த சோயா சாஸ் தேங்கியிருக்கும், மீன் மேல் ஊற்ற மாட்டார்கள், தோல் நிறம் மாறிவிடுமாம். பரிமாறுபவர் ரெண்டு கரண்டியால் முதுகுக் கோட்டில் ஓர் இழு இழுத்து, சதையை ரெண்டு பக்கமும் ஒதுக்குவார். நல்ல கைப்பக்குவம் என்றால், நடுமுள்ளில் மட்டும் சதை ஒரு மயிரிழை ஒட்டியிருக்கும், முள்ளருகே இளஞ்சிவப்பு லேசாகத் தெரியும். முள்ளிலிருந்து சதை தானாகக் கழன்று விழுந்தால் அரை நிமிடம் அதிகமாக வெந்துவிட்டது என்று சமையல்காரரைக் குறை சொல்வார்கள். அரை நிமிடத்துக்கு!

குழம்பு குழம்புதான், நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: இதை வீட்டில் செய்ய முடியுமா? எங்கள் ஊரில் உயிர் மீனுக்கு எங்கே போவது? (திருச்சி)

உயிர் மீன் கிடைக்காவிட்டால் காலையில் வந்த கொடுவா, இல்லையென்றால் சின்ன வெள்ளை வாவல். செவுள் ரத்தச் சிவப்பாக இல்லையென்றால் பேசாமல் குழம்பு வைத்துவிடுங்கள். அரைக் கிலோவிலிருந்து 600 கிராம் வரை உள்ள முழு மீன், உள்ளே சுத்தம் செய்து, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். இட்லிப் பானையே போதும், பெரியதாக இருந்தால் நல்லது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தட்டு உள்ளே போக வேண்டும். தட்டில் ரெண்டு மூங்கில் குச்சியோ வெங்காயத்தாள் தண்டோ குறுக்கே போட்டு அதன் மேல் மீனை வையுங்கள், ஆவி அடியிலும் போகும். வயிற்றுக்குள் ரெண்டு துண்டு இஞ்சி. அடுப்பு முழு வேகம், 8 நிமிடம், நடுவில் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது. அணைத்துவிட்டு ரெண்டு நிமிடம் விடுங்கள்.

தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், கவுச்சி முழுக்க அதில்தான் இருக்கிறது. பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள், சாறு வீணாகிறதே என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் வெங்காயத்தாள், இஞ்சி நூல் பரப்பி, மூன்று கரண்டி கடலை எண்ணெயைப் புகை வரக் காய்ச்சி ஊற்றி, ஓரமாக சோயா சாஸ். மஞ்சள்தூள் போடாதீர்கள், கை போகும், அடக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சீன நண்பர் விருந்து வைத்தார். ஒரு பக்கம் சாப்பிட்டு முடித்ததும் நான் மீனைத் திருப்பிப் போடப் போனேன், மேஜையில் எல்லோரும் "வேண்டாம், வேண்டாம்" என்று பதறிவிட்டார்கள். என்ன தப்பு? (காரைக்கால்)

மீனைத் திருப்பினால் படகு கவிழும். தென்சீனக் கடற்கரை மீனவர்களின் நம்பிக்கை இது, இப்போது கடலையே பார்க்காத அலுவலகக்காரர்களும் கடைப்பிடிக்கிறார்கள். மேல் பக்கம் முடிந்ததும் நடுமுள்ளை வால் பக்கமிருந்து தூக்கி, தலையோடு சேர்த்து எடுத்துவிட்டு அடிச் சதைக்குப் போக வேண்டும். முள்ளோடு மல்லுக்கட்டுவதைவிட இதுதான் சுத்தமான முறையும்கூட. மீனின் தலை முக்கிய விருந்தாளியைப் பார்த்து இருக்கும்படி வைப்பார்கள், உங்களைப் பார்த்து இருந்தால் நீங்கள் கை வைக்கும் வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். கன்னத்துச் சதையை யாராவது எடுத்து உங்கள் கிண்ணத்தில் வைத்தால் மறுக்காதீர்கள், மீனிலேயே நல்ல பாகம் அது.

ஜம்போ கவிழ்ந்தபோது யாராவது மீனைத் திருப்பியிருப்பார்கள் என்று ஜோக் அடித்து எழுதியிருந்த பெரம்பூர் வாசகருக்கு: உள்ளே அப்போது மீனே இல்லை, சார்.

கேள்வி: நாங்கள் சைவம். பையன் மட்டும் சாப்பிடுவான். அந்த மாதிரி இடத்தில் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா? (மயிலாப்பூர்)

கடலுணவகத்தில் உங்களுக்குக் கிடைப்பது சோறும் கீரையும்தான், அந்தக் கீரையிலும் சிப்பிச் சாறு ஊற்றிவிடுவார்கள். டோஃபு கேட்டால் மேலே இறால் தூவி வரும். வேண்டாம், வம்பு. டயமண்ட் ஹில்லில் சீ லின் பிக்குணிகள் மடத்தை ஒட்டிய நான் லியன் தோட்டத்துக்குள் சுத்த சைவ உணவகம் இருக்கிறது, லாண்டாவ் தீவின் பெரிய புத்தர் சிலைக்குப் பக்கத்தில் போ லின் மடத்திலும் சைவச் சாப்பாடு உண்டு. பையனை அப்பாவோடு லாம்மாவுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் தோட்டத்துக்குப் போங்கள். வெங்காயம், பூண்டுகூட இருக்காது.

கேள்வி: ஹலால் பார்ப்பவர்கள் கான்டனீஸ் கடலுணவு சாப்பிடலாமா? (காயல்பட்டினம்)

உங்கள் ஊர்க்காரர்கள் நவரத்தின வியாபாரத்துக்காகத் தலைமுறைகளாக ஹாங்காங்கில் இருக்கிறார்கள், என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். மீனில் சிக்கல் இல்லை, சமையலில் இருக்கிறது: வாணலியில் பன்றிக் கொழுப்பு, கடைசியில் ஒரு வீச்சு அரிசி மது. வேண்டாமென்று சொன்னாலும் அதே வாணலிதான். அதனால் வான் சாய் பகுதியில், இஸ்லாமிய மையக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியிலுள்ள உணவகத்துக்குப் போங்கள். திம் சம் என்கிற சின்னச் சின்ன ஆவிப் பலகாரங்கள் முதற்கொண்டு ஹலாலாகக் கிடைக்கும், மதியம் கூட்டம் அலைமோதும்.

கேள்வி: எங்கள் கிள்ளான் பக்கம் புலாவ் கெத்தாம் போனால் தூண்கள் மேல் நிற்கும் சீன மீனவ கிராமத்திலேயே கடலுணவு சாப்பிடலாம். இதற்கு ஹாங்காங் வரை போக வேண்டுமா? (கிள்ளான், மலேசியா)

போக வேண்டாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உங்கள் புலாவ் கெத்தாமில், அதாவது நண்டுத் தீவில், இருப்பவர்கள் பெரும்பாலும் தியோசியூ, ஹொக்கியன் என்கிற வேறு சீன வட்டாரங்களின் மக்கள். தியோசியூ ஆவி மீனில் உப்பில் ஊறிய கடுகுக்கீரை, புளிப்பு பிளம், தக்காளி எல்லாம் சேர்ந்து சாறாக வரும், நம் நாக்குக்கு ஒருவேளை அதுதான் நெருக்கம். கான்டனீஸ்காரர் அதைப் பார்த்தால் மீனுக்கு ஏன் இத்தனை துணை என்பார். சண்டை மூட்ட விரும்பவில்லை, இரண்டையும் சாப்பிடுங்கள்.

கேள்வி: தொட்டியில் இருக்கும் மீனெல்லாம் ஹாங்காங் கடலில் பிடித்ததா? சாப்பிடக் கூடாத மீன் ஏதாவது உண்டா? (புதுச்சேரி)

பெரும்பாலும் இல்லை. ஹாங்காங் தன் கடலில் இழுவலையை 2012-இன் கடைசி நாளிலிருந்து தடை செய்துவிட்டது. தென்சீனக் கடலில் நம் 61 நாள் தடைக்காலம் மாதிரியே மே 1 முதல் ஆகஸ்ட் 16 வரை மீன்பிடித் தடையும் உண்டு. தொட்டியில் நீந்துவதில் ஒரு பகுதி பண்ணை மீன். மேலே நீலப் புள்ளி தெளித்த சிவப்புக் களவா, அதாவது விருந்துகளின் ராஜா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா பவளப்பாறைகளிலிருந்து விமானமேறி வருவது. இந்த உயிர்மீன் வியாபாரம் பல இடங்களில் பாறைகளைக் காலி செய்திருக்கிறது. நெற்றி புடைத்த, உதடு தடித்த நெப்போலியன் மீன் கண்ணில் பட்டால் தவிர்த்துவிடுங்கள். 2004-லிருந்து அது சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

உடம்புக்காகவும் ஒரு எச்சரிக்கை. பெரிய பவளப்பாறை மீன்களில் சிகுவடெரா என்ற நச்சு சேரும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது. வாந்தி, பேதி, அப்புறம் கைகால் மரத்து, குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுகிற மாதிரி இருக்கும். சின்ன மீனாக வாங்குங்கள், தலை, முட்டை, குடல் வேண்டாம் என்று விடுங்கள். நான் மேலே புகழ்ந்த கன்னத்துச் சதையெல்லாம் பண்ணை மீனுக்கும் சின்ன மீனுக்கும்தான்.

கேள்வி: ஹாங்காங்கில் எங்களுக்கு ஒரே ஒரு ராத்திரிதான், நானும் மனைவியும் மட்டும். என்ன ஆர்டர் செய்வது? (திருநெல்வேலி)

உட்கார்ந்ததும் தேநீர் கேட்பார்கள், பூ-எர் சொல்லுங்கள், கடலுணவுக்கு அந்தக் கறுப்புத் தேநீர்தான் பொருந்தும். முதல் தேநீரில் கிண்ணத்தையும் குச்சியையும் அலசிக்கொள்வது வழக்கம், நீங்களும் அலசலாம். யாராவது ஊற்றிக் கொடுத்தால் ரெண்டு விரலால் மேஜையைத் தட்டினால் நன்றி, கெட்டில் காலியானால் மூடியைத் திறந்து வைத்தால் வந்து நிரப்புவார்கள், கூப்பிட வேண்டாம்.

முதலில் தண்ணீரில் வேகவைத்த உயிர் இறால், அரைக் கேட்டி போதும், கையால் உரித்து மிளகாய் போட்ட சோயா சாஸில் தொட்டுச் சாப்பிடுங்கள். அடுத்து பூண்டும் சேமியாவும் வைத்து ஆவியில் வெந்த ஸ்காலப் சிப்பி, ஆளுக்கு ஒன்று. பிறகு ஒரு கேட்டிக்குள் ஒரு களவா, ஆவியில். நண்டு ஆசை இருந்தால் மீனை விட்டுவிட்டு ஒதுங்குதுறை நண்டு, இரண்டும் சேர்ந்தால் ரெண்டு பேருக்கு அதிகம், பில்லும் எகிறும். ஒரு தட்டுக் கீரை. கடைசி வரை காத்திருக்காமல் வெறும் சோற்றை மீனோடு சேர்த்தே கொண்டுவரச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். அந்தத் தட்டடி சோயாச் சாற்றைச் சோற்றில் ஊற்றிக்கொள்ள வேண்டாமா? பில்லில் தேநீருக்கும், நீங்கள் கேட்காமலே வைத்த வேர்க்கடலைக்கும் தலைக்கு ஒரு தொகை போட்டிருப்பார்கள். சண்டைக்குப் போகாதீர்கள், ஊர் வழக்கம் அது. கடலை வேண்டாமென்றால் வைத்த உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.